டிக்கட் கடையின் பழைய கணனி

"கணனி ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?" வவுனியாவில் விமான டிக்கட் பதியும் கடைக்காரர் இப்படிக் கேட்டால் நியாயம்தான். 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் உருவாக்கிய சேபர் போன்ற பதிவு முறைகள் மெயின்பிரேம் எனும் பெருங்கணனிகளில் வளர்ந்தவை. கடைக் கணனியிலுள்ள இணைப்பு மென்பொருள் அவற்றின் பழைய திரைபோல் நடிக்கிறது, அவ்வளவே. அதற்கு விண்டோஸ் எக்ஸ்பி தாராளம்.

சிக்கல் பூட்டில். எக்ஸ்பியின் சொந்தக் குறியாக்கம் டிஎல்எஸ் 1.0 உடன் நின்றது. அட்டைக் கொடுப்பனவுத் துறை 2018 ஜூன் 30க்குள் அதைக் கைவிடச் சொன்னது. மறுமுனை மறுக்கும்போது மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவக் காசு கொடுப்பது வீண். குறியாக்கத்தைத் தன்னோடு கொண்டுவரும் இணைப்பு மென்பொருள் கிடைத்தால் எக்ஸ்பியிலும் திரை திறக்கும். ஆனால் 2014 ஏப்ரல் 8இல் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணனியில் வாடிக்கையாளரின் கடவுச்சீட்டு, அட்டை இலக்கங்களை அடிக்கலாமா? டிக்கட்டுக்குப் புதியதை வாங்குங்கள். பழையதை இணையத்திலிருந்து கழற்றிக் கடைக் கணக்குக்கு வையுங்கள்.