வெந்நீர் வாளியும் மின்னோட்டவியல் பாடமும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்போர் பலர் பழைய வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள். விடியற்காலைக் குளியலுக்குப் பிளாஸ்டிக் வாளியில் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் போடுவது வழக்கம்.

மார்கழியில் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், வெந்நீர் போட்டா எங்க வீட்டுல பிளக் உருகுது. ஏன் சார்?"

கரும்பலகையில் கணக்கிட்டோம். கம்பியின் திறன் 1500 வாட். மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். சிறிய சாக்கெட்டின் அளவோ 6 ஆம்பியர். பழையதாகித் தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், வெப்பமும் கூடும்.

அடுத்து, 15 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 15 × 4.2 × 13 = 819 கிலோ ஜூல் தேவை. இதற்கு 9 நிமிடம் போதும். "நாங்க அரை மணி நேரம் விடுவோம் சார்" என்றான் ஒருவன்.

பழைய வீட்டில் மாற்ற வேண்டியவை நான்கு: 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கேற்ற கனமான வயர், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனே செய்ய வேண்டும்.

மாணவி அந்தக் கணக்கைத் தாளில் எழுதி, வீட்டு உரிமையாளரிடம் காட்ட அப்பாவிடம் கொடுத்தாள். சாக்கெட்டும் வயரும் மாறின. எர்த் இன்னும் வரவில்லை. "அதுவரை கேஸ் அடுப்பிலேயே வெந்நீர் வையுங்கள்" என்றேன்.

கம்பி பயன்படுத்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விதி சொன்னேன்: சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். எத்தனை கைகள் உயர்கின்றன என்று தெரியும்.