வெளிநாட்டிலும் குளூட்டன் இல்லாத சாப்பாடு: உங்கள் கம்ப்யூட்டரிலேயே தயாரிக்கலாம் ஓர் உணவு அட்டை

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவிற்கும் நேரடி விமானம் உள்ளது. பனியன் ஆர்டருக்காக ஐரோப்பா செல்லும் திருப்பூர்க்காரர்களும், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோரும் நம் பகுதியில் அதிகம். இவர்களில் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாடுதான் பெரிய கவலை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இவர்களின் சிறுகுடலைப் பாதிக்கும். வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர்ப்பதே சிகிச்சை.

ஊரில் அரிசிம்பருப்பு சாதம், ராகிக் களி, கம்மஞ்சோறு என்று சமாளிக்கலாம். வெளிநாட்டு ஓட்டலில் "குளூட்டன் வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. சோயா சாஸில் கோதுமை இருப்பது சமைப்பவரின் நினைவிற்கு வராமல் போகலாம். எனவே, பொருட்களைப் பெயர் சொல்லி எழுதிய அட்டை ஒன்றை அந்த நாட்டு மொழியில் எடுத்துச் செல்லுங்கள். அதைத் தயாரிக்கும் வழி இதோ.

1. வேர்ட் புரோகிராமைத் திறந்து, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக டைப் செய்திடவும். கோதுமை, மைதா, ரவை, பார்லி, ரை, மால்ட், சோயா சாஸ் கூடாது என்று தனித்தனியே எழுதவும். பாஸ்தா வேகவைத்த தண்ணீர், மாவு தோய்த்துப் பொரித்த எண்ணெய் ஆகியவையும் கூடாது. அரிசி, உருளைக்கிழங்கு, காய்கறி, பழம் சாப்பிடலாம் என்றும் சேர்த்தால் சமைப்பவருக்கு வேலை எளிது.

2. இதனை காப்பி செய்து, கூகுள் டிரான்ஸ்லேட் தளத்தில் பேஸ்ட் செய்து, வேண்டிய மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.

3. கிடைத்ததை அப்படியே நம்ப வேண்டாம். அதை மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றிப் பார்க்கவும். தானியங்களின் பெயர் மாறியிருந்தாலோ, "கூடாது" என்பது விடுபட்டிருந்தாலோ வாக்கியத்தை எளிதாக்கி மறுபடியும் முயற்சிக்கவும். அந்த மொழி தெரிந்தவர் ஒருமுறை படித்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

4. இரண்டு மொழிகளையும் ஒரே பக்கத்தில் அமைத்து, சேவ் அஸ் மூலம் பி.டி.எப். பைலாகப் பதியவும். வேறு கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்துக்கள் மாறாது. இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றைக் கைப்பையில் வைக்கவும். போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அடுத்தது விமானம். பல நிறுவனங்களின் தளங்களில், டிக்கெட் எடுத்த பின் ஸ்பெஷல் மீல் பகுதியில் ஜி.எப்.எம்.எல். என்ற குறியீடு இருக்கும். இதுவே குளூட்டன் இல்லாத உணவு. சைவ உணவைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அதில் சப்பாத்தி வரலாம். பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் முன்பே பதிவு செய்திட வேண்டும். குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை.

கடையில் லேபிளைப் படிக்கும்போதும் கவனம் தேவை. ஐரோப்பிய யூனியனில் 2014 டிசம்பர் முதல், குளூட்டன் உள்ள தானியங்களைப் பாக்கெட்டில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். ஓட்டல்களும் கேட்டால் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வாமை எச்சரிக்கை கோதுமைக்கு மட்டுமே கட்டாயம், பார்லிக்கு இல்லை. எனவே மால்ட் என்ற சொல்லையும் தேடவும். "குளூட்டன் ஃப்ரீ" என்று அச்சிட, அங்கும் இந்தியாவிலும் கிலோவிற்கு 20 மில்லிகிராம்தான் வரம்பு.

தமிழ் ஓட்டல் கண்ணில் பட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அது சாம்பாரிலும் ரசத்திலும் சேரும். பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள். அங்கு காட்டுவதற்குத் தமிழிலும் ஓர் அட்டை தயாரித்துக் கொள்ளுங்கள்.