முரசின் இலத்திரனியல் உருமாற்றம்: ஒரு நோக்கு

கலையினுள் தொழினுட்பம் புகும்போதெல்லாம் இருவகைக் கருத்துகள் எழுவது வழக்கம். பொறி கலையை அழித்துவிடும் என்பது ஒன்று. பொறியே முன்னேற்றம் என்பது மற்றொன்று. 1982 இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, இலத்திரனியல் இசைத்தொகுப்பிகளையும் முரசுப் பொறிகளையும் தடைசெய்யவேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. தொழில் பறிபோகும் என்ற அச்சம் நியாயமானதே. எனினும் அத்தடை நடைமுறைக்கு வரவில்லை. ஒரு கருவி எவ்வாறு இயங்குகின்றது, அவ்வியக்கத்தைத் தீர்மானிப்பவர் யாவர் என்ற வினாக்களை ஆராயாது அதனை ஏற்பதும் மறுப்பதும் பயன் தரா. மேனாட்டு இசைக்குழுக்களில் டிறம் என வழங்கும் முரசுத் தொகுதியை இலத்திரனியற் கருவியாக மாற்றும் முறை இதற்குத் தக்க உதாரணமாகும்.

சாதாரண முரசிலே அடியும் ஒலியும் பிரிக்கமுடியாதவை. கோல் பட்டதும் சவ்வு அதிர்கின்றது. அவ்வதிர்வு கூட்டினுள் உள்ள வளியையும் மறுபுறச் சவ்வையும் அதிரச்செய்கின்றது. எவ்விடத்தில், எவ்வளவு விசையுடன், எத்தகைய கோலால் அடிக்கப்பட்டது என்பன யாவும் எழும் ஒலியிலே பதிந்திருக்கும். இலத்திரனியல் உருமாற்றத்தின் சாரம் இவ்வொருமையைப் பிரிப்பதிலேயே தங்கியுள்ளது. அடி ஓரிடத்திலும் ஒலி வேறோரிடத்திலும் பிறக்கின்றன.

இம்மாற்றத்தின் முதற்படி முரசின் குரலை அடக்குவதாகும். பிளாத்திக்குச் சவ்வைக் கழற்றி, நுண்டுளைகள் கொண்ட வலைத்துணியை அதனிடத்தில் இழுத்துப் பூட்டுவர். வளி துளைகளினூடாகச் சென்றுவிடுவதால் ஒலி பெரிதும் குன்றும். ஆயினும் கோல் மீண்டெழும் தன்மை குன்றாது. அடுத்து, வலையின் கீழே ஓர் உணரி பொருத்தப்படும். பித்தளைத் தகட்டில் ஒட்டப்பட்ட, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் விட்டமுடைய மெல்லிய பீங்கான் வட்டே அது. சில பளிங்குகள் அழுத்தப்படும்போது மின்னேற்றத்தை வெளிப்படுத்தும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880 இல் பிரான்சில் கண்டறிந்தனர். இவ்வட்டு இயங்குவதும் அத்தத்துவத்திலேயே. வட்டுக்கும் வலைக்கும் இடையே கூம்பு வடிவான நுரைறப்பர் வைக்கப்பட, அடியின் அதிர்வு வட்டினை அடைந்து மின்துடிப்பாக மாறும். மலிவான மின்னொலிப்பான்களில் இடம்பெறுவதும் இத்தகைய வட்டே.

இத்துடிப்பு கம்பி வழியாக ஒலிபிறப்பியைச் சென்றடைகின்றது. அங்கு நிகழ்வது ஒருவகைத் தெரிவாகும். குறித்த கீழெல்லையை எட்டாத துடிப்புகள் யாவும் புறக்கணிக்கப்படும். எல்லையைத் தாண்டிய துடிப்பின் உச்சத்தைக் காண்பதற்குக் கருவி சில மில்லிசெக்கன் காத்திருக்கும். வலை தொடர்ந்து அதிர்வதால் ஓரடி ஈரடியாகக் கணிக்கப்படாதிருக்க, அதன்பின் சிறிதுநேரம் புதிய துடிப்புகளை அது ஏற்காது. அயல்முரசின் அதிர்வு தவறாகப் பதியப்படுவதும் தடுக்கப்படவேண்டும். இறுதியில் உச்சம் ஓர் எண்ணாக்கப்பட்டு, அவ்வெண்ணுக்கேற்ற உரப்புடன், முன்னரே பதிவுசெய்து வைக்கப்பட்ட ஒலி வெளிப்படும். 1983 இல் வெளிவந்த மிடி என்னும் நியமத்தின்படி, அடியின் வலிமை 1 முதல் 127 வரையான படிகளுள் ஒன்றாகும்.

கீழெல்லையை உயர்த்தினால் பிழையான துடிப்புகள் நீங்கும். அவற்றோடு, தேர்ந்த கலைஞரின் மென்மையான இடையடிகளும் நீங்கிவிடும். ஜாஸ் கலைஞர் கம்பித்தூரிகையாற் சவ்வைத் தடவி எழுப்பும் ஒலியை இவ்வுணரி பெரும்பாலும் அடியாகக் கொள்வதேயில்லை. ஆக, எது இசை, எது இரைச்சல் என்ற தீர்ப்பு கலைஞரின் கையிலிருந்து கருவியின் அமைப்புக்கு இடம்பெயர்கின்றது.

அமைப்பாளரின் தெரிவுகள் வாசிப்பவரின் உடலையும் பாதித்துள்ளன. 1981 இல் பிரித்தானியாவின் சிமன்ஸ் நிறுவனம் வெளியிட்ட அறுகோண முரசுகளின் அடிபரப்பு பொலிகாபனேற்றினால் ஆனது. கலகமடக்கும் பொலிசாரின் கேடயங்களுக்குப் பயன்படுவதும் அப்பொருளே. அதன் விறைப்பினால் மணிக்கட்டு நோவுக்காளானோர் பலர். யப்பானின் றோலண்ட் நிறுவனம், அமெரிக்காவின் றெமோ நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய வலைமுகத்தை 1997 இல் அறிமுகப்படுத்தியபின் இக்குறை பெருமளவு தணிந்தது.

எல்லாத் தோற்கருவிகளும் இவ்வுருமாற்றத்துக்கு ஒரே அளவில் இணங்குவனவல்ல. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரிய பூச்சு, அதன் மேற்றொனிகளை இசைவான விகிதத்தில் அமையச்செய்கின்றது என்பதை சி. வி. இராமன் 1920 இல் எடுத்துக்காட்டினார். ஒரு விரல் தட்டும்போது இன்னொரு விரல் தோலைத் தொட்டுநிற்பதும் விடுவதும் வெவ்வேறு சொற்களைப் பிறப்பிக்கின்றன. வலிமையை மாத்திரம் அளக்கும் உணரிக்கு அச்சொற்கள் யாவும் ஒன்றே.

அடுத்த வினா உடைமை பற்றியது. ஒலிபிறப்பியிற் பதிந்துள்ள அடி, எவரோ ஒரு கலைஞர் எங்கோ அடித்ததாகும். ஜேம்ஸ் பிரௌனின் குழுவிலே கிளைட் ஸ்டபிள்பீல்ட் 1969 இல் வாசித்து, 1970 இல் வெளிவந்த 'ஃபங்கி டிறமர்' பாடலின் முரசுப்பகுதி, பிற்கால ஒலிப்பதிவுகள் பலவற்றில் வெட்டியெடுத்துச் சேர்க்கப்பட்டது. பாடலின் ஆசிரியராகப் பதியப்படாமையால், ஆக்கவுரிமைப் பங்கு அவருக்கு உரித்தாகவில்லை. அவர் 2017 இல் காலமானார். உழைப்பின் விளைவு உழைத்தவரிடமிருந்து பிரிந்து சரக்காவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்வோர் இரவிலும் பயில்வதற்கு இம்மாற்றம் வழிசெய்கின்றது. மிடி நியமம், போட்டி நிறுவனங்கள் இணைந்து உருவாக்கி, உரிமக் கட்டணமின்றிப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டதொன்றாகும். 2005 இல் இத்தாலியில் தோன்றிய ஆடுவீனோ என்னும் திறந்த வடிவமைப்புச் சுற்றுப்பலகையைக் கொண்டு, துடிப்பை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் பகுதியைத் தாமே அமைத்துக்கொள்வோர் உளர். கீழெல்லை எதுவெனத் தீர்மானிப்பவர் அங்கு வாசிப்பவரே.

அத்தகையோர் செய்யத்தக்கது இன்னுமொன்று உண்டு. சவ்வைக் கழற்றுமுன், மெல்லடி முதல் வல்லடி வரை தமது முரசின் ஒலியைத் தாமே பதிவுசெய்து, கணினியில் இட்டு, பின்னர் அதனையே ஒலிக்கச்செய்யலாம். கூட்டிலே துளையிடாது உணரியைப் பொருத்தினால், விரும்பியபோது பழைய சவ்வை மீண்டும் பூட்டவும் முடியும். அப்போது அடியும் ஒலியும் பிரிந்திருப்பினும் இரண்டும் ஒருவரது கைக்குள்ளேயே நிற்கும். பொறியின் வரவைத் தடுத்தல் இயலாதெனினும், அதன் கீழெல்லையை யார் வகுப்பது, அதன் ஒலி யாருக்கு உரியது என்பன இன்னும் நம்மால் தீர்மானிக்கத்தக்கனவே.