ஹால் புக் பண்ணியாச்சு, பிள்ளையிடம் பேசியாச்சா?

நார்வேயில் மே மாதம் வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் வெள்ளை அங்கி போட்ட 15 வயதுப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அங்கிக்குள்ளே புனாத் என்கிற பாரம்பரிய உடை. அன்று அவர்களுக்கு கன்ஃபர்மேஷன், நம்ம ஊர் சபைகளில் சொல்வதானால் திடப்படுத்தல். கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச் பக்கம் வருகிற குடும்பங்களும் இதை விடுவதில்லை. கடவுளே வேண்டாம் என்பவர்களுக்கு 1951 முதல் மதம் சாராத கன்ஃபர்மேஷன்கூட உண்டு.

இங்குள்ள லுத்தரன் தமிழ்க் குடும்பங்கள் விழாப் பகுதியை நன்றாகவே பிடித்துக்கொண்டுவிட்டன. ஹால், கேட்டரிங், அம்மாவுக்குப் பட்டு. மொய்க் கவர் விஷயத்தில் நார்வேக்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பல மாதங்கள் பிள்ளை வகுப்பில் என்ன செய்தது என்று மட்டும் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

எங்கள் சபை வகுப்பில் நான் உதவியாளனாகப் போகிறேன். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் எல்லாம் உண்டு. ஈஸ்டருக்கு முன் வீடு வீடாகப் போய் ஏழை நாடுகளின் குடிநீர்த் திட்டங்களுக்கு நிதி திரட்டுவார்கள். ஒரு முகாமும் இருக்கும். ஆனால் மனப்பாடம் குறைவு, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்ற கேள்விதான் அதிகம். நார்வே பிள்ளைகள் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்றுகூட பட்டென்று சொல்லிவிடும். நம்ம பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். முகாமில் ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "நான் நம்பலைன்னு சொன்னா அப்பா பார்ட்டியை கேன்சல் பண்ணிடுவாரா?" அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஊரில் நாங்கள் ஞானோபதேசத்தை வரி பிசகாமல் ஒப்பித்தோம். ஒரு வார்த்தை விட்டாலும் போதகர் திருப்பி அனுப்பிவிடுவார். அதை நான் குறைசொல்லவில்லை, அந்த வரிகள் இன்றும் கூடவே இருக்கின்றன. ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை.

இங்கேயும் ஒரு காலத்தில் கட்டாயம்தான். 1736-இல் டென்மார்க்-நார்வே மன்னர் ஆறாம் கிறிஸ்டியன் இதைச் சட்டமாக்கினார். திடப்படாதவருக்குக் கல்யாணமே கிடையாது. ஞானோபதேசம் படிக்க எழுத்து தெரிய வேண்டுமே, அதனால் 1739-இல் பள்ளிச் சட்டம் வந்தது. கட்டாயம் 1912-இல்தான் நீங்கியது. இதே மன்னரின் அப்பா நான்காம் ஃபிரெடரிக் அனுப்பித்தான் 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். நார்வே விவசாயி மகனும் தரங்கம்பாடிப் பிள்ளையும் ஒரே நூற்றாண்டில் படித்தது ஒரே புத்தகம்.

அந்தப் புத்தகத்தை 1529-இல் எழுதியபோது, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க என்றுதான் லூத்தர் பகுதிக்குப் பகுதி தலைப்பு வைத்தார். அதாவது இது அப்பா அம்மாவின் வேலை. நாமோ மொத்தத்தையும் போதகரிடம் அவுட்சோர்ஸ் பண்ணிவிட்டோம், எங்க ஐடி பாஷையில் சொன்னால்.

வாரம் கால் மணி நேரம் போதும். நீங்கள் தமிழில் ஒரு பகுதி வாசியுங்கள், பிள்ளை தனக்குப் புரிந்ததை நார்வீஜிய மொழியில் சொல்லட்டும். 'என் ஃபிரெண்ட் இந்து, அவளுக்கு என்ன ஆகும்?' என்று கேட்கும். உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

இந்த நாட்டுச் சட்டப்படி 15 வயதானால் ஒரு மதச் சபையில் சேர்வதும் விலகுவதும் பிள்ளையின் சொந்த முடிவு. நாம் கட்டாயப்படுத்தி முடிக்கும் அதே வருஷத்தில் அந்த உரிமை அதன் கைக்கு வந்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது ஒரு அண்ணன், "அவன் வேண்டாம்னுட்டா ஊர்ல அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது தம்பி?" என்றார். அடுத்த வருஷமும் வகுப்பு இருக்கும் அண்ணே, பெரியவர்களான பிறகும் திடப்படலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஹாலுக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வருமா என்று கேட்டார்.