தொடையெலும்பின் முன்னறிவிப்பு

மாணவ நண்பர்களே, எலும்பைக் கல்தூண் போன்ற சடப்பொருளாக நாம் எண்ணுகிறோம். அன்று, அது ஓயாது பழுதுபார்க்கப்படும் வீடு. ஒருவகை உயிரணு பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொருவகை அவ்விடத்தில் புதியதைக் கட்டுகிறது. முதுமையில், சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அரிப்பு மிஞ்சிவிடும். அதனை அடக்கும் அலெண்ட்ரோனேட் என்னும் மருந்து 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உண்டோரிடையே முதுகெலும்பு, இடுப்பு முறிவுகள் குறைந்தன.

ஆனால், இடிப்பவனைக் கட்டிப்போட்டால் கொத்தனுக்கும் வேலையில்லை. நடையின் சுமையால் தொடையெலும்பின் வெளிப்புறத்தில் எழும் நுண்விரிசல்கள் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் சேர்கின்றன என்று அறிஞர் கருதுகின்றனர். ஒருநாள், பெரிதாக விழாமலே, எலும்பு சுண்ணக்கட்டி போலக் குறுக்காக முறிகிறது! 2010-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது.

இம்முறிவு அரிது, மருந்தினால் தடுக்கப்படும் முறிவுகளே மிகப் பல. ஆதலின் அஞ்சி மருந்தை எறிதல் பேதைமை என்பேன். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பின், தொடர்வதா நிறுத்திவைப்பதா என மருத்துவர் ஆராய்வார். விடுமுறை உங்களுக்கு மட்டுமன்று, மருந்துக்கும் உண்டு!

முறிவுக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பே பலருக்குத் தொடையிலோ கவட்டிலோ மந்தமான வலி தோன்றும். இம்மருந்துண்ணும் பாட்டியார் அவ்வாறு சொன்னால், வயதின் வலி என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரு தொடைகளையும் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். வலியில்லாத தொடையிலும் விரிசல் மறைந்திருப்பதுண்டு.