ரண சிகிச்சையும் அதற்குப் பின்னும்

அங்கத்தினரின் கடனுக்குக் காரணம் யாதென வினவுமிடத்து, மகளின் மணம், பயிர் நஷ்டம் என்பவற்றோடு ஆஸ்பத்திரிச் செலவும் தவறாது இடம் பெறக் காண்கிறோம். இத்துறையில் கூட்டுறவு செய்யக்கூடியது என்ன? அண்டை மாநிலமான கர்நாடகத்தின் அனுபவம் நமக்குப் பாடமாகும்.

இதய ரண சிகிச்சை நிபுணர் டாக்டர் தேவி ஷெட்டியின் யோசனையின் பேரில், கூட்டுறவு இலாகாவின் துணையுடன், 'யசஸ்வினி' திட்டம் 2003 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்போது தலைக்கு ஆண்டுச் சந்தா 60 ரூபாய். அதாவது மாதம் 5 ரூபாய். முதலாண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர். பலர் செலுத்தும் சிறு தொகை, ரண சிகிச்சை தேவைப்படும் சிலரைக் காக்கும் என்பதே இதன் தத்துவம். 2018-இல் வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்ட இது, 2022-இல் புத்துயிர் பெற்றது.

இதன் பயனை ஆராய, அராதனா அகர்வால் என்னும் பொருளியல் அறிஞர் 4,109 கிராமக் குடும்பங்களைப் பற்றிய விவரங்களைக் கொண்டு 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சேர்ந்தோர் மருத்துவ வசதியை மிகுதியாகப் பயன்படுத்தினர். கைப்பணச் செலவும் குறைந்தது. ஆயினும் சற்று வசதியுள்ள குடும்பங்களே அதிகப் பயன் அடைந்தன என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். திட்டம் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஏற்கலாம். பஸ் கட்டணத்தையும், துணைக்கு வருபவரின் உணவையும், தறி நிற்கும் நாட்களின் கூலியையும் யார் ஏற்பது? ஏழையைத் தடுப்பது இதுவே என்பது நம் கருத்து.

சிகிச்சைக்குப் பிந்திய நிலையைப் பற்றிய ஆராய்ச்சியும் உண்டு. வறியோருக்கான 'வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ' திட்டம் 2010-இல் முதலில் வட கர்நாடகத்தில் மட்டும் தொடங்கியது. எனவே எல்லைக்கு இருபுறமும் உள்ள கிராமங்களை ஒப்பிட முடிந்தது. நீரஜ் சூட், ஜாக்கரி வாக்னர் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, திட்டத்திற்கு உரியவர்கள் நோய்க்குறி கண்டதும் சிகிச்சை நாடுவது அதிகமாயிற்று. ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றோரில், கிருமித் தொற்று நூற்றுக்கு 9 பேர் அளவிலும், மீண்டும் படுக்கையில் சேர்வது நூற்றுக்கு 16 பேர் அளவிலும் குறைவாக இருந்தன.

ஆகவே, ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் காரியம் முடிந்ததென எண்ணலாகாது. குடலிறக்கத்திற்குச் சிகிச்சை பெற்றவர் பாரம் தூக்குவதும் குழித்தறியில் அமர்ந்து மிதிப்பதும் மருத்துவர் அனுமதித்த பின்னரே ஆகும். காய்ச்சல், புண்ணில் வீக்கம், சீழ் கண்டால் குறித்த தேதி வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை சில உள. சிகிச்சை பெற்றுத் திரும்பிய அங்கத்தினரின் பெயரையும், மறுபரிசோதனைத் தேதியையும் காரியதரிசி ஒரு பதிவேட்டில் குறித்து நினைவூட்டலாம். விதிகள் இடந்தரும் அளவிற்குப் பொது நன்மை நிதியிலிருந்து பயணச் செலவு உதவலாம். வரும் மகாசபையில் இவ்விஷயத்தை ஒரு பொருளாக வைத்து விவாதிக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.