ஏ.ஸி. மாட்டியாச்சு... சரியாக மாட்டியிருக்கா?

ஏ.ஸி. மாட்ட வருகிறவர்கள் வரும்போதே அவசரத்தோடுதான் வருவார்கள். "இன்னும் மூணு வீடு பாக்கி இருக்கும்மா" என்பதுதான் முதல் வார்த்தை. சுவரில் துளை போட்டு, பெட்டியை மாட்டி, ஜில்லென்று காற்று வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஜில்லென்று வந்தால் மட்டும் போதாது என்பது என் கட்சி. சித்திரை வெயிலில் மகள் பிரசவத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.ஸி. போட்டோம். பச்சைக் குழந்தை படுக்கப் போகிற அறையாச்சே! நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே இருக்கும் யூனிட்டையும் வெளியே இருக்கும் யூனிட்டையும் சேர்க்கும் செம்புக் குழாயில்தான் காஸ் ஓடுகிறது. குழாயை இணைத்ததும் அதற்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகே காஸைத் திறந்துவிட வேண்டும். பதினைந்து, இருபது நிமிஷ வேலை. இதைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள்!

"கொஞ்சம் காஸை விட்டுக் காத்தைத் தள்ளிட்டாப் போதும்மா, எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றான் வந்த பையன்.

"எங்க வீட்ல பம்ப் வெச்சே பண்ணிடுப்பா" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியிலிருந்து எடுத்து வந்தான். ஈரம் தங்கினால் கம்ப்ரஸருக்குக் கேடு. காற்று தங்கினால் குளிர்ச்சி குறையும், கரண்ட் பில் ஏறும். அதோடு, இப்போது பல ஏ.ஸி.களில் வருகிற ஆர்-32 காஸ் லேசாகத் தீப்பற்றக் கூடியது. அறைக்குள் அதைத் திறந்துவிட்டு விளையாட முடியுமா? நட்டு போட்ட இடங்களில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

அடுத்தது தண்ணீர். உள் யூனிட்டின் தட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அத்தனையும் குழாய் வழியே வெளியே போக வேண்டும். குழாய் நடுவில் எங்காவது மேடேறினால் தண்ணீர் சுவரில்தான் இறங்கும். மாடி வீட்டு மாமிக்குப் புதுப் பெயிண்ட் முழுக்க ஓதம்!

வெளி யூனிட் ஆடாமல் நிற்க வேண்டும். அது விடுகிற அனல் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வரக் கூடாது. துணி காயப்போடும் குறுகலான பால்கனியில் அதை அடைத்து வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் நம்பாதீர்கள். ஏ.ஸி.க்குத் தனி லைன், 16 ஆம்பியர் ப்ளக், நல்ல எர்த் மூன்றும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் கார்டு கூடவே கூடாது. அரை மணி ஓடிய பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது! எலக்ட்ரீஷியன் வந்து பிரித்தால், உள்ளே ஒயர் ஸ்க்ரூவில் சரியாகப் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, பிளாஸ்டிக் பழுப்பேறிவிட்டது. ராத்திரி குழந்தையின் தலைமாட்டில் அது புகைந்திருந்தால்?

குளிர்ச்சியை அளக்கச் சின்னத் தெர்மாமீட்டர் போதும். கால் மணி ஓடிய பின், மேலே காற்றை இழுக்கும் இடத்திலும் கீழே காற்று வரும் வாயிலும் வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் நல்லது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள ஏ.ஸி.கள் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி வருகின்றன. அதை 18-க்கு இறக்க வேண்டிய அவசியம் இல்லை. காற்று நேராகக் குழந்தை மேல் படாமல் திருப்பிவிடுங்கள்.

சாதாரண ஸ்ப்ளிட் ஏ.ஸி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. ஆகவே மூடிய அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி இரண்டும் வேண்டாம்.

"நாங்கள்லாம் போடலையாக்கும்?" என்றார் என் மாமியார்.

"அப்போ ஜன்னல் திறந்திருந்ததே, அத்தை!" என்றேன். தூபக்கால் கூடத்துக்குப் போயிற்று. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம்.

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் விடாதீர்கள். அது சுற்றினாலே போதும் என்று நினைக்கிறார்கள். மெல்லிய காகிதத்தை அதன் அருகே பிடித்தால் இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் காகிதம் சும்மா ஆடியது. உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் எதைத்தான் வெளியே தள்ளும்? ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவின் அடியை ஒரு விரல் அகலம் சீவச் சொன்னேன். மறுபடி பிடித்தபோது காகிதம் 'பட்'டென்று ஒட்டிக்கொண்டது.